காலையில் பார்த்துவிட்டு வந்தவர்

நாற்பதுகளின் கடைசியில் நடந்தது. பிரசவத்துக்குப் பின் உடம்பு தேறாமல் என் அக்கா கொழும்பு ஆஸ்பத்திரியில் இருந்தாள். ஒரு நாள் முற்பகல் அவள் கணவர், என் அத்தான், வடக்கே மருதனார்மடத்தில் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

“இண்டைக்குக் காலமை அவவோடை கதைச்சிட்டுத்தான் வாறன். உன்னைப் பாக்கவேணுமாம், வெளிக்கிடு.”

கொழும்பிலிருந்து ரயிலில் வர ஓர் இரவு முழுதும் வேண்டும். அவரோ பிளேனில் வந்தாராம். கொழும்புக்குப் பக்கத்து இரத்மலானையிலிருந்து எங்கள் ஊருக்குக் கிட்ட உள்ள பலாலிக்கு ஒன்றரை மணி நேரம்தானாம். நான் நம்பவில்லை. அக்கா போய்விட்டாள், சொல்லத் துணிவில்லாமல் என்னைக் கூட்டிப்போகிறார் என்றே நினைத்தேன். அம்மாவுக்குத் தெரியாமல் பெட்டிக்குள் ஒரு வெள்ளைச் சேலையை வைத்தேன்.

பலாலியில் பிளேனைக் கண்ட பிறகும் சந்தேகம் தீரவில்லை. பறக்கும்போது, “அக்காவுக்கு உண்மையிலை என்ன, அத்தான்?” என்று கேட்டேன்.

“வந்து பாரன்,” என்றார். அந்தப் பதில் என் பயத்தைக் கூட்டியது.

வெயில் சாயுமுன் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டோம். அக்கா மெல்லத் தலையைத் திருப்பினாள்.

“அதுக்கிடையிலை வந்திட்டியளோ? காலமைதானே இவர் போனவர்.”

அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். ஏன் என்று அவளுக்கு விளங்கவில்லை. அத்தானுக்கு விளங்கியிருக்க வேண்டும்; வெளியே போய் நின்றார்.

அன்றிரவே அக்காவுக்கு நினைவு தப்பியது, பிறகு திரும்பவில்லை. ரயிலில் போயிருந்தால் அவள் குரலைக் கேட்டிருக்க மாட்டேன். வழி முழுவதும் நான் சந்தேகப்பட்ட மனிதர்தான் அந்த மாலையை எனக்குத் தந்தவர்.