துவைக்காத சேலை

மூன்று வருடங்களுக்கு முன்னால், ஆவணி மாதத்தில் ஒரு நாள், சென்னை விமான நிலையத்தில் நடந்தது இது. ஆனால் முழுதாகச் சொல்ல வேண்டுமென்றால் சிவகாசிக்கும் வெம்பக்கோட்டைக்கும் நடுவில் இருக்கும் எங்கள் ஊரிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

என் அம்மாவுக்குப் பட்டாசுக் கம்பெனியில் வேலை. புஸ்வாணத்துக்கு மருந்து அடைப்பாள். வெடிமருந்தை எங்கள் பக்கம் வெறுமனே மருந்து என்றுதான் சொல்வோம். காலையில் கம்பெனி வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகும், சாயங்காலம் கொண்டு வந்து இறக்கிவிடும். வந்ததும் வாசலிலேயே செருப்பை விட்டுவிட்டு நேராகக் குளிக்கப் போய்விடுவாள். சேலையெல்லாம் மருந்தும் அலுமினியப் பொடியுமாக இருக்கும். குளித்து வேறு சேலை மாற்றும்வரை என்னைத் தொடவிட மாட்டாள். சின்ன வயதில் ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளப் பார்த்தால், “தள்ளிப் போ புள்ள, மேலெல்லாம் மருந்து” என்று விரட்டுவாள். அப்பா நான் பள்ளிக்கூடம் படிக்கும்போதே போய்ச் சேர்ந்துவிட்டார். ஆக, எனக்கு அம்மா என்றால் குளித்த அம்மாதான். சோப்பு வாசமும் ஈரத்தலையும்தான்.

இந்தச் சட்டத்துக்குக் கட்டுப்படாத ஒரே ஆள் செவலை.

திருத்தங்கலில் ஓர் அச்சாபீசில் பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் டிசைன் செய்துகொண்டிருந்தேன். அங்கே பேப்பர் கோடவுன் பக்கம் கத்திக்கொண்டு கிடந்த நாய்க்குட்டியைக் கைப்பையில் வைத்து டவுன் பஸ்ஸில் வீட்டுக்குக் கொண்டு வந்தேன். சுத்தமான நாட்டு நாய். பாலூற்றி வளர்த்தது நான், ஊசி போட்டது நான், மழை நாளில் தலை துவட்டிவிட்டது நான். ஆனால் சாயங்காலம் ஆகிவிட்டால் என்னை யாரென்று கேட்கும். வேன் வரும் நேரத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே போய், மெயின் ரோட்டில் டிரான்ஸ்பார்மர் பக்கத்தில் உட்கார்ந்துவிடும். அம்மா இறங்கியதும் அந்த மருந்துச் சேலையில் மூஞ்சியைப் புதைத்துக்கொண்டு ஒரு சுற்று சுற்றும். அம்மா, “ஏலே, தள்ளுலே” என்று திட்டுவாள். திட்டுவாளே தவிர தள்ள மாட்டாள். எனக்குப் பொறாமையாகத்தான் இருக்கும்.

அப்புறம் எனக்குக் கல்யாணம் ஆயிற்று. அவருக்குச் சாத்தூர். அச்சு இயந்திரம் பழுது பார்க்கும் மெக்கானிக். ஜெர்மனியில் அந்த மெஷின் செய்கிற கம்பெனி ஒன்றிலேயே வேலை கிடைத்து முன்னால் போய்விட்டார். விசா வரும்வரை நான் அம்மா வீட்டில் இருந்தேன். போனில் அவரே ஒரு நாள், “செவலையையும் கூட்டிட்டு வரியா? இங்க நாயி பஸ்ல எல்லாம் ஏறுது” என்றார். அந்த ஒரு வார்த்தையில் ஆரம்பித்தது எனக்குத் தலைவலி.

தெருவே கேலி செய்தது. பக்கத்து வீட்டு மதினி, “நாங்க இன்னும் மதுரைக்கே பிளைட்டு பாத்ததில்ல, இந்தச் செவல செருமனி போகுதாக்கும்” என்று தினமும் ஒரு தடவை சொல்லிச் சிரிப்பாள். எனக்கோ ஆசை இருந்தது. மொழி தெரியாத ஊரில், அவர் வேலைக்குப் போன பிறகு பகலெல்லாம் தனியாக உட்காரப் போகிறவளுக்கு நம்ம ஊர் முகம் ஒன்று கூட இருந்தால் நல்லதுதானே? ஆனால் அம்மாவை நினைத்தால் மனசு கேட்கவில்லை. நானும் போய், அதுவும் போய்விட்டால் சாயங்காலம் வேனிலிருந்து இறங்குகிறவளுக்கு யார் இருக்கிறார்கள்? விட்டுவிட்டே போகலாம் என்று ஒரு நாள் முடிவெடுப்பேன். மறுநாள் அது காலடியில் வந்து படுத்ததும் முடிவு மாறிவிடும்.

அம்மாவோ, கூட்டிக்கொண்டு போ என்று ஒற்றைக்காலில் நின்றாள். எதற்கு இத்தனை பிடிவாதம் என்று எனக்குப் புரியவே இல்லை, அந்தச் சத்தம் கேட்கும்வரை.

எங்கள் பக்கத்தில் வெடிச்சத்தத்துக்கு யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. செய்த சரக்கை வெடித்துப் பார்ப்பது தினப்படி வேலை. ஆனால் ஒரு சத்தம் உண்டு. அது கேட்டால் பேசுகிற வாய் நின்றுவிடும், எல்லோரும் தெருவுக்கு வந்து எந்தத் திசையில் புகை என்று பார்ப்பார்கள். அன்றைக்கு மத்தியானம் அந்தச் சத்தம் கேட்டது. புகை அம்மா கம்பெனி இருக்கும் பக்கம்தான் எழும்பியது. போன் போட முடியாது. கம்பெனிக்குள் போன் கொண்டு போகவே கூடாது. தெருவில் பாதிப் பேர் மெயின் ரோட்டுக்கு வந்து நின்றோம். மதினியின் வீட்டுக்காரரும் அங்கேதான் வேலை. கேலி பேசுகிற மதினி என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

நேரம் ஆனதும் செவலை வந்து டிரான்ஸ்பார்மர் பக்கத்தில் எப்போதும்போல உட்கார்ந்தது. நாங்கள் ரோட்டையே எட்டி எட்டிப் பார்க்கிறோம், அது காதைச் சொறிந்துகொண்டிருக்கிறது. வேன் வழக்கமான நேரத்துக்கு வரவில்லை. இருட்டத் தொடங்கும்போதுதான் வந்தது. எங்கள் ஊர்க்காரர்கள் எல்லோரும் இறங்கினார்கள். வெடித்தது பக்கத்துக் கம்பெனியாம். வீட்டுக்காரரைப் பார்த்ததும் மதினி அங்கேயே ரோட்டில் உட்கார்ந்து அழுதாள். செவலை அம்மா சேலையில் மூஞ்சியைப் புதைத்தது. அம்மா அதைத் திட்டவில்லை. குனிந்து அதன் தலையைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சொன்னாள்.

“நான் வராத அன்னைக்கு இது இங்கனயே உக்காந்து கெடக்கும்லா. இதுகிட்ட யாரு போயிச் சொல்லுவா? கூட்டிட்டுப் போயிரு தாயி.”

கூட்டிப் போவதென்று முடிவாயிற்று.

நாயை ஜெர்மனிக்குக் கொண்டு போவது லேசுப்பட்ட காரியமில்லை. கழுத்தில் சிப், வெறிநோய்த் தடுப்பூசி, ரத்தப் பரிசோதனை, அதன் பிறகு மாதக்கணக்கில் காத்திருப்பு. அது எழுந்து நின்று திரும்பும் அளவுக்கு ஒரு கூண்டும் வாங்க வேண்டும். கால்நடை மருத்துவர் ஒரு யோசனை சொன்னார்: கூண்டைப் பார்த்து அது பயப்படும், அதனால் வீட்டில் அதற்குப் பிடித்தவர்களின் துணி ஒன்றை உள்ளே விரித்துவிடுங்கள், துவைக்காதீர்கள், வாசனைதான் முக்கியம் என்றார். நான் என் நைட்டியைப் போட்டேன். எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. அம்மா வேலைக்குக் கட்டிப்போகும் பருத்திச் சேலையை அப்படியே சுருட்டிப் போட்டதும் உள்ளே போய்ப் படுத்துக் குறட்டை விட்டது. அத்தனை பெரிய பிரச்சினையை இவ்வளவு சுலபமாகத் தீர்த்துவிட்டோமே என்று எனக்கு ஒரே பெருமை. வேறு எந்த ஊர்க்காரியாவது இருந்தால் அந்தச் சேலையில் இருக்கும் மருந்தை யோசித்திருப்பாள். நாங்கள் அதிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். எங்களுக்கு அது வெறும் அம்மா சேலை.

கார் பிடித்துச் சென்னை போனோம். அம்மாவும் வந்தாள். விமான நிலையத்துக்குள் டிக்கெட் இல்லாதவர்களை விட மாட்டார்கள். “விமானம் கெளம்புற வரைக்கும் நான் இங்கனதான் இருப்பேன்” என்று வாசல் தூண் ஓரம் உட்கார்ந்துவிட்டாள். செவலையின் முதுகில் ஒரு தட்டுத் தட்டி, “ஒழுங்கா இருக்கணும் என்ன?” என்றாள். அவ்வளவுதான். திரும்பிக்கொண்டாள்.

உள்ளே, நாயை வெளியே எடுத்துவிட்டுக் கூண்டை மட்டும் சோதிக்க வேண்டும் என்றார்கள். ஒரு பெண் அதிகாரி சின்னத் துணி ஒன்றால் கூண்டின் உள்ளே துடைத்து, அதை ஒரு மெஷினில் வைத்தார். மெஷின் சிவப்பு விளக்கோடு கீச்சென்று கத்தியது. இன்னொரு தடவை துடைத்தார். மறுபடியும் கத்தியது. அடுத்த நிமிடம் என்னைச் சுற்றி நாலைந்து பேர்.

“வெடிமருந்துன்னு காட்டுதும்மா. கூண்டுக்குள்ள என்ன வச்சிருக்கீங்க?”

“அம்மா சேலை” என்றேன். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பெண் அதிகாரிதான் கொஞ்சம் நிதானித்து, “எந்த ஊரு?” என்று கேட்டார். சிவகாசிப் பக்கம் என்றதும் அவர் முகத்தில் இறுக்கம் தளர்ந்தது. இருந்தாலும் விடவில்லை. பெட்டி, பை எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்து, யார் யாருக்கோ போன் செய்து, கடைசியில், “சேலை போகாதும்மா. கூண்டைத் துடைச்சிட்டு வேற துணி போட்டுக் கொண்டு போங்க” என்றார்.

கூண்டைத் துடைத்தோம். மெஷின் கத்தவில்லை. யாரோ ஒரு புதுத் துண்டு கொடுத்தார்கள், விரித்தேன். செவலை உள்ளே போக மறுத்தது. ஓரமாகத் தரையில் கிடந்த சேலையிடம் போய் அதன்மேல் படுத்துக்கொண்டது. கயிற்றைப் பிடித்து இழுத்தேன். அதுவரை நான் கேட்டே இராத ஒரு குரலில் கத்தியது. வரிசையில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். என் பக்கத்தில் வந்து மெதுவான குரலில், “தூக்கி உள்ள வச்சுப் பூட்டச் சொல்லலாம், ஆளு இருக்கு. சொல்லட்டுமா?” என்று கேட்டார்.

சரி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். இன்றைக்கு அது என் காலடியில் படுத்திருக்கும். சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அந்த இருட்டுக் கூண்டில், வானத்தில், அத்தனை மணி நேரம், மூக்கை வைத்துக்கொள்ள அம்மா வாசம் இல்லாமல் அது கிடப்பதை நினைத்துப் பார்த்தேன். என்னை அதற்குப் பிடிக்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் அது வாழ்வது அந்தச் சாயங்கால வேனுக்காக. “வேண்டாம் மேடம். அது வீட்டுக்கே போகட்டும்” என்றேன். சொல்லி முடிக்கும் முன்பே அழுகை வந்துவிட்டது.

விதிப்படி அவர் செய்ய வேண்டியதில்லை. ஆனாலும் அவரே கூண்டின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு, யாரிடமோ இந்தியில் ஏதோ சொல்லி அனுமதி வாங்கி, என்னை வாசல்வரை கூட்டிக்கொண்டு வந்தார். செவலை என்னை இழுத்துக்கொண்டு ஓடியது.

அம்மா பதறி எழுந்தாள். “எதுக்குத் திருப்பிக் கூட்டியாந்த? இதுக்காகவா இம்புட்டு நாளு ஊசி போட்டுக்கிட்டு அலஞ்சோம்?” என்று சத்தம் போட்டாள். சேலையைக் காட்டி நடந்ததைச் சொன்னேன். சேலையை என் கையிலிருந்து வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள். செவலை அவள் மடியில் மூஞ்சியைப் புதைத்துவிட்டது. அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. “சரி போ. இனிமே இவனுக்காகவாவது நான் ஒழுங்கா வீடு வந்து சேரணும்” என்றாள்.

பிறகு, அந்த மருந்துச் சேலையைத் தோளில் போட்டபடியே என்னைக் கட்டிக்கொண்டாள். என் இரண்டு கைகளையும் பிடித்து முகத்தில் வைத்துக்கொண்டாள். தள்ளிப் போ என்று சொல்ல மறந்துவிட்டாள். இத்தனை வருடத்தில் குளிக்காத அம்மாவை நான் தொட்டது அதுதான் முதல் தடவை. கந்தகமும் வியர்வையும் கலந்த அந்த வாசம் செவலைக்கு ஏன் அவ்வளவு பிடிக்கும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

விமானத்துக்குப் போகும் வழியில் இன்னொரு சோதனை. இந்தத் தடவை என் கைகளைத் துடைத்து மெஷினில் வைத்தார்கள். கீச்சென்று கத்தியது. அதே பெண் அதிகாரி எங்கிருந்தோ வேகமாக வந்து, அங்கே இருந்தவர்களிடம் விஷயத்தை விளக்கினார். என்னிடம் திரும்பி, “போய் சோப்பு போட்டு நல்லா கை கழுவிட்டு வாம்மா. விமானம் போயிரும்” என்றார். நீங்க என்பது எப்போது நீ ஆனது என்று நான் கவனிக்கவில்லை. குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். கழுவ மனசே வரவில்லை. அவர்தான் பின்னால் வந்து நின்று, முதுகில் கை வைத்து, “கழுவும்மா” என்றார்.

இப்போது ஜெர்மனியில் எங்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஒரு கொக்கி இருக்கிறது. நாயின் கயிற்றை மாட்ட அவர் ஆசையாக அடித்து வைத்தது. அதில் என் குடை தொங்குகிறது. வெளிநாட்டுத் தரத்தில் வாங்கிய கூண்டில் மதினியின் கோழிகள் குடியிருக்கின்றன. விமானத்தில் போக வேண்டிய கூண்டில் முட்டையிடும் கோழிகள் என்று மதினிக்குப் பெருமை தாங்கவில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்து அம்மா வீடியோவில் கூப்பிடும்போது எனக்கு இங்கே மத்தியானம். “இந்தா பாரு, ஒம்புள்ள” என்று செவலையைக் காட்டுவாள். அது போனைப் பார்க்காது, அவளையே பார்த்துக்கொண்டிருக்கும். கொஞ்சம் தாமதமாகக் கூப்பிட்டால்கூட எனக்கு உயிர் போய் உயிர் வருகிறது. டிரான்ஸ்பார்மர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அதோடு நானும் இங்கிருந்தபடியே உட்கார்ந்திருக்கிறேன்.

அவர் வேலை விஷயமாக எத்தனையோ விமான நிலையங்களுக்குப் போய் வருகிறோம். சில இடங்களில் கையைத் துடைத்துப் பார்ப்பார்கள். மெஷின் பேசாமல் இருக்கும், பச்சை விளக்கு எரியும், போகலாம் என்று கையை அசைப்பார்கள். எல்லோரும் நிம்மதியாக நகர்ந்து போகும் அந்த இடத்தில், என் கையில் அம்மா இல்லை என்று அந்த மெஷின் சொல்லிவிட்டதுபோல நான் மட்டும் ஒரு நிமிடம் நின்றுவிடுகிறேன்.