கயிற்றின் மேல்முனையில் மச்சான்

கண்ணாடி துடைப்பதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. சோப்புத் தண்ணீர், வைப்பர், காய்ந்த துணி, எங்கள் ஊர் போர்வெல் தண்ணீர் விட்டுப்போகும் உப்புக் கறைக்குக் கொஞ்சம் ஆசிட். வித்தையெல்லாம் உயரத்தில்தான் இருக்கிறது. காஞ்சிபுரத்துப் பட்டுக் கடைக்காரர்கள் ஒருவரைப் பார்த்து ஒருவர் மாடி மேல் மாடி எழுப்பி, முகப்பு முழுக்கக் கண்ணாடி ஒட்ட ஆரம்பித்த பிறகு, அதைத் துடைக்க ஒரு ஆள் கயிற்றில் தொங்க வேண்டியிருந்தது. அந்த ஆள் நான். ஐயம்பேட்டையில் எங்கள் நிலம் வீட்டு மனை பிளாட்டாக விற்றுப் போன பிறகு பெயின்டர்களோடு சேர்ந்து இதைக் கற்றுக்கொண்டு, சொந்தமாகவே தொழில் ஆரம்பித்தேன்.

தொங்குகிறவனை எல்லோரும் அண்ணாந்து பார்ப்பார்கள். மொட்டை மாடியில் நிற்கிறவனை யாரும் பார்ப்பதில்லை. ஆனால் நான் உட்கார்ந்திருக்கும் பலகையைத் தாங்கும் கயிறு மேலே ஒரு தூணை இரண்டு சுற்று சுற்றி அவன் கையில்தான் முடிகிறது. அவன் விட்டால் இறங்குவேன், பிடித்தால் நிற்பேன். ஆகவே மேலே நிற்க முதல் நாளிலிருந்தே என் மனைவியின் அண்ணனைத்தான் வைத்துக்கொண்டேன். கூலிக்கு வருகிறவன் போனைப் பார்ப்பான், பீடி பற்ற வைப்பான். தங்கச்சி தாலி தன் கையில் இருக்கிறது என்று தெரிந்த அண்ணன் கண் அசர மாட்டான் என்பது என் கணக்கு. மச்சான் இருக்கும்போது உனக்கு எதற்கு இன்சூரன்ஸ் என்று கடைக்காரர்கள் கிண்டல் செய்வார்கள். நானும் சிரித்துக்கொள்வேன்.

அந்தக் கணக்கைக் கெடுத்தவன் என் பையன். மச்சானுக்கு ஒரே பெண். அவள் பிறந்த நாளிலிருந்தே என் பையனுக்குத்தான் என்று பேச்சு. அவள் வயதுக்கு வந்தபோது அத்தை முறைக்கு என் மனைவி வரிசைத் தட்டுகளோடு மச்சான் ஊரான முசரவாக்கத்துக்குப் போய் வந்தாள். பையன் ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தான். கூட வேலை செய்த பெண்ணை ரிஜிஸ்டர் கல்யாணம் செய்துகொண்டு, எங்களுக்கு போனில் சொன்னான். வந்த பெண்ணைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் முசரவாக்கத்தில் ஒருத்தி அறைக் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடாமல் கிடந்தாள்.

மறு வாரம் மச்சான் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. தெரு முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கக் குனிந்து, இரண்டு கையாலும் மண்ணை வாரி வீட்டைப் பார்த்துத் தூற்றினார்.

"என் பொண்ணு கண்ணுல தண்ணி வர வச்சல்ல, உன் காலு தரையில பாவாம போவும்."

தெருவில் எத்தனையோ பேர் எத்தனையோ சொல்லி மண் தூற்றி நான் பார்த்திருக்கிறேன். எனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனால் கயிற்றில் தொங்கிப் பிழைக்கிறவனைப் பார்த்து, அந்தக் கயிற்றைப் பிடித்திருக்கிறவரே அப்படிச் சொன்னால் அது வெறும் வார்த்தையாகப் படவில்லை. என் மனைவி அந்த மண்ணைப் பெருக்கவில்லை. அண்ணன் போட்ட மண், தொடவே பயமாக இருக்கிறது என்றாள். நாங்கள் அதைத் தாண்டித்தான் வெளியே போய் வந்தோம்.

அப்போது ஆடித் தள்ளுபடி வந்துகொண்டிருந்தது. ஐந்து மாடிப் பட்டுக் கடை ஒன்றின் முகப்பைத் துடைத்துத் தர ஒப்புக்கொண்டிருந்தேன். மச்சான் வர மாட்டார் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். எனக்கு முன்பே வந்திருந்தார். தூணில் கயிறு சுற்றியிருந்தது, பலகை கைப்பிடிச் சுவருக்குப் பக்கத்தில் தயாராக இருந்தது. என் முகத்தைப் பார்க்கவில்லை, ஒரு வார்த்தை பேசவில்லை. வேலைக்கு வாய் தேவையும் இல்லை. காற்றில் சத்தம் கேட்காது என்று கயிற்றை இழுத்தே பேசிப் பழகியிருந்தோம். ஒரு இழுப்பு என்றால் நிறுத்து, இரண்டு இழுப்பு என்றால் விடு.

நான் பலகையில் ஏறும் முன் அவர் பின்னால் வந்து நின்றார். நான் பேருக்குக் கட்டியிருக்கும் சேஃப்டி பெல்ட்டின் முதுகுப் பக்க வளையத்தில் எதையோ மாட்டினார். திரும்பிப் பார்த்தேன். புதுக் கயிறு, மெதுவாக இறங்கினால் வழுக்கிக் கொடுத்து, வெடுக்கென்று இழுத்தால் கவ்விக்கொள்ளும் கிளிப்போடு. இத்தனை வருஷத்தில் நாங்கள் இரண்டாவது கயிறு கட்டியதே இல்லை, அது வேலைக்கு இடைஞ்சல் என்று சொன்னதே அவர்தான். அந்தக் கயிறு அவர் நிற்கும் தூணுக்குப் போகாமல், தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி லிஃப்ட் அறைக்குப் பின்னால் எங்கோ போய் மறைந்தது.

எதற்கு என்று கேட்கலாம். ஆனால் பேச்சு வார்த்தை இல்லாதவரிடம் முதல் வார்த்தையாக அதையா கேட்பது? போய்ப் பார்க்கலாம். பார்த்தால், உன்னை நான் நம்பவில்லை என்று அவர் முகத்துக்கு நேரே சொன்னது போல ஆகும். ரோஷம் என்னைத் தடுத்தது. சுவரைத் தாண்டி இறங்கிவிட்டேன்.

இறங்கிய பிறகுதான் புத்தி வேலை செய்ய ஆரம்பித்தது. பாதுகாப்புக்கு ஒரு கயிறு கட்டியிருந்தேன், அது அவிழ்ந்துபோனால் நான் என்ன செய்வேன் என்று மச்சான் நாளைக்கு போலீஸில் சொல்ல வசதியாக ஒன்று வேண்டும் அல்லவா. அதற்குத்தான் இது. மறுமுனை எதிலும் கட்டாமல் சும்மா கிடக்கிறது. இந்த நினைப்பு வந்த பிறகு போகவே இல்லை. கண்ணாடிக்கு உள்ளே கல்யாணப் பெண்ணுக்குச் சேலையைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள், அரக்கும் மாம்பழ நிறமுமாக. வெளியே அவர்களுக்கு ஒரு கை தூரத்தில் நான் ஒரு கொலையை எண்ணிக்கொண்டு நுரையை வழித்துக்கொண்டிருந்தேன்.

தினமும் இப்படித்தான். ஆடிக் காற்று வேறு ஆரம்பித்துவிட்டது. பலகை சுற்றிக்கொண்டு போய்க் கண்ணாடியில் இடிக்கும். முன்பெல்லாம் இடித்த உடனே மேலிருந்து கயிறு இறுகும். இப்போதும் இறுகியது, ஆனால் கொஞ்சம் தாமதமாக. அது தாமதம்தானா, என் பயமா என்று எனக்குத் தெரியவில்லை. அண்ணாந்து பார்த்தால் சில நேரம் மச்சான் முகம் தெரியும். என்னைப் பார்த்துக்கொண்டே இருப்பார். ஒரு மூட்டையைப் பார்க்கிறவர் பார்வை அது. அவர் பார்க்காத நேரத்தைவிட அப்படிப் பார்க்கிற நேரம் எனக்கு அதிகமாக வியர்த்தது.

வீட்டில் சொன்னேன். என் அண்ணன் என் தாலியில் கை வைக்க மாட்டார் என்றாள் மனைவி. சொல்லிவிட்டு, சோற்றைப் பிசைந்தபடி வாசல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். சாப்பிடவில்லை. வேறு ஆளைத் தேடினேன், சீசனில் ஒருத்தரும் சிக்கவில்லை. ஒப்புக்கொண்ட வேலையைப் பாதியில் விட்டால் அந்தத் தெருவில் இன்னொரு கடை என்னைக் கூப்பிடாது. மறுபடியும் ஏறினேன்.

வேலை முடிய மேலிருந்து கீழாக இன்னும் ஒரு வரிசைக் கண்ணாடிதான் பாக்கி. நான்காவது மாடி உயரத்தில் இருந்தேன். ஒரு இழுப்பு இழுத்து, நிற்கச் சொல்லிவிட்டு, கண்ணாடியில் வைப்பரை எட்டி ஓட்டினேன். அப்போது கயிறு ஓடியது.

இறங்கியது என்று சொல்ல மாட்டேன், ஓடியது. பலகை எனக்குக் கீழே போய்விட்டது. பக்கெட் கீழே போய், வண்டிகள் நிற்கும் இடத்தில் விழுந்து உடைந்த சத்தம் கேட்டது. அடுத்து எனக்கும் அதுதான் என்று நினைத்தேன். மனைவி நினைப்பு வரவில்லை, பையன் நினைப்பு வரவில்லை. விட்டுட்டான் என்ற ஒரே நினைப்புதான். பிறகு முதுகில் யாரோ உதைத்தது போல ஒரு வெட்டு வெட்டி, நின்றேன். இடுப்பு ஒடிந்தது போல வலித்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு விற்பனைப் பெண் கையில் சேலையோடு அப்படியே நின்றாள். என்னைத் தாங்கிக்கொண்டிருந்தது அந்த இரண்டாவது கயிறு.

வாட்ச்மேனும் கடைப் பையன்கள் சிலரும் ஓடி வந்து மச்சானோடு சேர்ந்து என்னை மேலே இழுத்தார்கள். சுவரைத் தாண்டி விழுந்த இடத்திலேயே கொஞ்ச நேரம் கிடந்தேன். பிறகு எழுந்து, அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டே அதன் மறுமுனையைப் பார்க்கப் போனேன். லிஃப்ட் அறைக்குப் பின்னால் ஒரு உத்தரத்தில் இரும்புச் சங்கிலி சுற்றி, கயிற்றின் கொக்கியை அதில் மாட்டி, மேலே ஒரு பெரிய பூட்டு போட்டிருந்தது.

வாட்ச்மேன் பின்னாலேயே வந்தார். பாக்கெட்டிலிருந்து ஒரு சாவியை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"தெனம் காலைல உங்க மச்சான் இத என்கிட்ட குடுத்துடுவார்ணா. நீங்க மேல ஏறி வர்ற வரிக்கும், அவரே வந்து கெஞ்சினாலும் குடுக்கக் கூடாதுன்னு சொல்லி வச்சிருந்தார்."

மச்சான் தூணடியில் உட்கார்ந்திருந்தார். இரண்டு உள்ளங்கையிலும் தோல் உரிந்து ரத்தம் கசிந்தது. கயிறு ஓடும்போது அதைப் பிடித்திருக்கிறார். ஆனால் ஓட ஆரம்பித்தபோது அந்தக் கை எங்கே இருந்தது? நான் அவர் எதிரில் போய் நின்றேன். என்ன நடந்தது என்று கேட்டேன். மண் தூற்றிய நாளுக்குப் பிறகு அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தார்.

"நான் வுட்டனா, அதுவா வழுக்கிச்சான்னு எனக்கே தெரியல. மேல நின்னுக்கினு உன்னப் பாக்கும்போதெல்லாம் என் பொண்ணு கண்ணு முன்னாடி அழுதுக்கினே இருக்குது. இப்டி ஒரு நாளு வரும்னு தெரியும். அதுக்குத்தான் பூட்டு."

எனக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். இத்தனை வருஷம் நான் அவர் கையை நம்பியதைவிட, அன்று அவர் சொன்னதை அதிகம் நம்பினேன். ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை என்று தெரிந்தது. அதனால்தான் அதற்குப் பிறகு அவரை நான் வேலைக்குக் கூப்பிடவில்லை, அவரும் ஏன் என்று கேட்கவில்லை.