மொயேஏஏக்காஆஆ

வெனிஸ் பக்கத்தில் எங்கள் புரானோ தீவில் ஒருவன் 'பால்' என்று சொல்ல ஆரம்பித்தால், அவன் முடிப்பதற்குள் பால் திரிந்துவிடும் என்று பக்கத்துத் தீவு முரானோக்காரர்கள் எங்களைக் கேலி செய்வார்கள். அவர்கள் கண்ணாடி ஊதுகிறவர்கள். மூச்சையெல்லாம் கண்ணாடிக்கே கொடுத்துவிட்டுப் பேச்சை நறுக்கி நறுக்கிப் போடுவார்கள். எங்களுக்கு மூச்சுக்குப் பஞ்சமில்லை. ஒவ்வொரு எழுத்தையும் துணி காயப்போடும் கயிறு மாதிரி இந்த வீட்டு ஜன்னலிலிருந்து எதிர்வீட்டு ஜன்னல்வரை இழுத்துக் கட்டுவோம்.

அப்படி இழுப்பதில் தீவிலேயே பெரிய கை, என் அக்கா அமேலியாவின் புருஷன் ஜில்தோ. குழாய் ரிப்பேர்காரர். அவர் ஒரு வீட்டுக்குப் போய் "எங்கேஏஏ ஒழுகுதுஉஉ" என்று கேட்டு முடிப்பதற்குள் ஒழுகல் தானே நின்றுவிட்ட கதைகூட உண்டு. நான்தான் கட்டிவிட்டேன்.

அவருடைய அப்பா அன்சோலோ மீன் பிடித்தவர். எங்கள் தீவில் பாதிப் பேருக்கு ஒரே குடும்பப் பெயர் என்பதால், பட்டப்பெயர் சேர்த்து எழுதாவிட்டால் தபால்கூட ஒழுங்காக வந்து சேராது. அன்சோலோ வீட்டுக்கு ஊர் வைத்த பெயர் மொயேக்கா. ஓட்டைக் கழற்றிவிட்டு, உடம்பெல்லாம் பஞ்சாக உட்கார்ந்திருக்குமே நண்டு, அது. மூடுபனியில் கிழவர் திரும்ப நேரமானால் வீட்டார் கரையில் நின்று அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு இழுப்பு. இவர்கள் இழுப்பு 'யே'யில் ஏறி, 'கா'வில் இறங்கும்.

ஜில்தோவின் மகள் நீவெஸ் வெனிஸில் ஒரு ஓட்டலில் வரவேற்பு மேசையில் வேலை பார்த்தாள். போன வருஷத்திலேயே இழுப்பை வேரோடு பிடுங்கிப் போட்டுவிட்டாள். அவள் பேச்சு தட்டச்சு இயந்திரம் மாதிரி டக் டக்கென்று விழும். அங்கேயே ஒரு பையனையும் பார்த்துவிட்டாள். அந்தப் பையனின் அப்பா, அம்மா முதன்முதலாக மதியச் சாப்பாட்டுக்கு வருவதாக இருந்த நவம்பர் காலையில்தான் இது நடந்தது.

"அப்பா, ஒரு வாரமா சொல்றேன், நாலே வார்த்தை. வாங்க, உட்காருங்க, சாப்பிடுங்க, நன்றி. அவ்வளவுதான். கத்தரிச்ச மாதிரி பேசணும்."

"சரிம்மாஆஆ."

"பாத்தீங்களா!"

"சரிமா" என்றார் ஜில்தோ, தும்மலை அடக்குகிறவர் முகத்தோடு.

"அந்த நண்டுப் பேரை யாராவது எடுத்தீங்க, நான் சத்தியமா எழுந்து போயிடுவேன். மாமா, முக்கியமா நீங்க."

"நான் எதுக்கும்மா வாயத் தொறக்கப் போறேன்?" என்றேன். என் அக்கா உட்பட எல்லோரும் சிரித்தார்கள்.

சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு சின்ன வேலை. சாந்தெராஸ்மோ தீவில் ஒரு தோட்டக்காரருக்குக் குளியல் தொட்டி கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். தொட்டி ஒரு கழுதை கனம். அதனால் நங்கூரத்தைக் கரையிலேயே இறக்கி வைத்தோம். எங்கள் மூளையையும் அதன் பக்கத்திலேயே வைத்துவிட்டோம் என்று அக்கா பின்னால் சொன்னாள்.

பாதி வழியில் பனி இறங்கியது. சாதாரணப் பனி இல்லை. பெரியவர்கள் 'காய்கோ' என்பார்கள், அதையும் 'காஆய்கோஓ' என்று இழுத்துத்தான். நீட்டிய என் கையில் மணிக்கட்டுவரைதான் எனக்குச் சொந்தம், மீதியைக் காணோம். அந்த நேரம் பார்த்து மோட்டார் இருமி நின்றது. ஏதோ அறுந்த வலை விசிறியில் சுற்றிக்கொண்டு இறுகிவிட்டது. ஜில்தோ கத்தியால் அறுத்துப் பார்த்தார். கத்தி தண்ணீருக்குள் போய்விட்டது.

"துடுப்பு இருக்கே அத்தான், தள்ளுவோம்."

"எந்தப் பக்கம்டாஆஆ?"

தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. வடிகிற தண்ணீர் எங்கள் பக்கத்தில் ஒரே இடத்துக்குத்தான் போகும். கடல் வாய்க்கு. பெரிய கப்பல்கள் உள்ளே வருகிற வழி. தப்பான பக்கம் துடுப்புப் போட்டால் நாமே ஓடிப்போய்க் கப்பல் மூக்கில் முட்டுவோம். படகுகளுக்கு வழி காட்ட நட்டிருக்கும் கம்பம் ஏதாவது தட்டுப்படுமா என்று துழாவினேன். பனிதான் கையில் வந்தது.

கொஞ்ச நேரத்தில் படகு மெல்ல ஏறி, மெல்ல இறங்கியது. எங்கள் காயல் தண்ணீர் அப்படி அசையாது. அது தட்டு மாதிரிக் கிடக்கும்.

"தண்ணி மூச்சு விடுதுடா மச்சான்" என்றார் ஜில்தோ.

கடல் கிட்ட வந்துவிட்டது என்று அர்த்தம். அதைவிட மோசம், அவர் அதைச் சொன்ன விதம். ஒரு எழுத்துகூட இழுக்கவில்லை. மகள் அதட்டாமல், ஜில்தோ தானாக இழுக்காமல் பேசி நான் கேட்டதே இல்லை. பிணம் பேசினால் அப்படித்தான் பேசும் என்று தோன்றியது.

அப்போது கப்பல் சங்கு ஊதியது. எங்கே என்று தெரியவில்லை. முன்னால், பின்னால், என் வயிற்றுக்குள், எல்லா இடத்திலும் ஊதியது. நான் எழுந்து குளியல் தொட்டிக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

"என்னடா பண்றே?"

"படகு முழுகினா தொட்டி மிதக்கும் அத்தான்."

"அடியில ஓட்டை இருக்குடா!"

"கட்டை விரல வெச்சிருக்கேன்."

அவர் சிரிக்கவில்லை. வாயருகே கையைக் குவித்து "உதவி!" என்று கத்தினார். ஒரு வாரமாக மகளுக்குப் பயந்து பழகிய பேச்சு, பயத்தில் அதுதான் வந்தது. நறுக்கென்று விழுந்து பனிக்குள் மறைந்தது. 'உ' எங்கே போனது, 'வி' எங்கே போனது என்று யாருக்குத் தெரியும்?

ஆனால் எங்கோ ஒரு குரல் பதில் சொன்னது. "அப்பா!"

நீவெஸ்தான். நேரமாகிவிட்டதென்று தேடி வந்திருக்கிறாள்.

"அந்தப் பக்கம்!" என்று நான் வலது பக்கம் காட்டினேன். அவர் இடது பக்கம் காட்டினார். "அப்பா!" என்று மறுபடியும் கேட்டது. தலையைத் திருப்புவதற்குள் முடிந்துவிட்டது. இப்போது நான் இடது பக்கமும் அவர் வலது பக்கமும் காட்டினோம். சங்கு இன்னொரு முறை ஊதியது. இந்த முறை தொட்டியே அதிர்ந்து என் பல்லில் இறங்கியது.

"அத்தான், உங்கப்பன் மாதிரி கூப்பிடுங்க! இழுங்க!"

"வர மாட்டேங்குதுடா" என்றார். கன்னமெல்லாம் ஈரம். பனி என்று பின்னால் சொல்லிக்கொண்டார்.

அப்போதுதான் வந்தது அது.

"மொயேஏஏஏஏக்காஆஆஆ!"

கிழவர் அன்சோலோவே கல்லறையிலிருந்து எழுந்து வந்துவிட்டாரோ என்று என் முடியெல்லாம் நட்டுக்கொண்டது. அதே ஏற்றம், அதே இறக்கம். அந்த 'ஏ' எவ்வளவு நீளமென்றால், ஜில்தோ துடுப்பைப் போட்டுப் படகின் மூக்கைத் திருப்பி, தப்பு என்று கண்டு, இன்னும் கொஞ்சம் திருப்பி, சரி என்று முடிவு செய்கிறவரை அது அங்கேயே நின்றது. பிடித்துக்கொண்டு நடந்து போகலாம்.

ஜில்தோவின் தொண்டையும் பதிலுக்குத் திறந்தது. "ஓஓஓவேஏஏஏ!"

"மொயேஏஏஏஏக்காஆஆஆ!"

மனிதர் துடுப்புப் போட்டார் பாருங்கள், மோட்டார் வெட்கப்பட்டிருக்கும். எங்களுக்குப் பின்னால் ஒரு கறுப்புச் சுவர், ஐந்து மாடி இருக்கும், பனிக்குள் சத்தமில்லாமல் கடந்து போனது. அது எழுப்பிய அலை எங்களை மாதா கோயில் மணிக்கூண்டு உயரத்துக்குத் தூக்கி இறக்கியது. கண்ணைத் திறந்தபோது, கம்பத்தில் கட்டிய படகு ஒன்றில் பக்கத்து வீட்டுச் சாந்த்தோவும், அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நீவெஸும் நின்றார்கள். விருந்துக்குப் போட்ட பட்டுச் சட்டையெல்லாம் நனைந்து ஒட்டியிருந்தது.

"மாமா, தொட்டிக்குள்ள என்ன பண்றீங்க?" என்று கத்திக் கத்திக் கம்மிய குரலில் கேட்டாள். அப்புறம்தான் அழுதாள்.

என் கட்டை விரல் ஓட்டையில் மாட்டிக்கொண்டிருந்தது. அதை எடுக்கச் சோப்பு தேவைப்பட்டது.

சம்பந்தி வீட்டார் வந்த படகும் பனியில் வழியிலேயே நின்றுவிட்டதால், சாப்பாடு சாயங்காலத்துக்குத் தள்ளிப்போனது. ஜில்தோ மேசையின் தலைமாட்டில் உட்கார்ந்து, "வாங்க. உட்காருங்க. சாப்பிடுங்க" என்று நறுக்கி நறுக்கிச் சொன்னார். நீவெஸ் கரண்டியோடு ரிசோத்தோ சோறு பரிமாறிக்கொண்டிருந்தாள்.

பையனின் அம்மா நல்ல மாதிரி. பேச்சை ஆரம்பிக்க வேண்டுமே என்று சிரித்துக்கொண்டே கேட்டார்: "காலையில நாங்க பனியில நின்னுக்கிட்டு இருந்தப்ப யாரோ நண்டு வித்தாங்களே, என்ன குரல் அது! மொயேக்கா, மொயேக்கான்னு. அவங்க இந்த ஊரா? போகும்போது கொஞ்சம் வாங்கிட்டுப் போகலாம்னு பாத்தேன்."

அக்கா என்னைப் பார்த்தாள். நான் வாயில் ஒரு முழு ரொட்டியைத் திணித்துக்கொண்டேன். ஜில்தோ மகளைப் பார்க்காமல் கிளாஸையே பார்த்தார்.

நீவெஸ் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அது நாங்கதாஆஆன்" என்றாள்.