சொல்லக் கூடாத சாம்பல்

எங்கள் முதலாளிக்குச் சாம்பல் என்ற சொல் ஆகாது. வாங்குவது சாம்பல், சலிப்பது சாம்பல், விற்பதும் சாம்பலிலிருந்து எடுத்ததுதான். ஆனால் வாயால் சொன்னால் மட்டும் தரித்திரம். ஆபீஸில் எல்லோரும் 'மினரல்' என்றுதான் சொல்ல வேண்டும். புதிதாகச் சேர்ந்த டிரைவர் ஒருவர், "சாம்பல் லோடு வந்திருக்குங்க சார்" என்று சொல்லிவிட்டு, வாயைக் கொப்பளித்துவிட்டு வரும்படி விரட்டப்பட்டதை நானே பார்த்தேன்.

நான் அங்கே கெமிஸ்ட். வீடு திருவானைக்காவலில், யூனிட் கொள்ளிடம் பாலத்தைத் தாண்டி, துறையூர் போகும் சாலையில். ஐரோப்பாவில் வீட்டுக் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கிறார்கள். மிஞ்சும் சாம்பலில் அலுமினியம், செம்பு, பித்தளை, உருகிய சாவிகள், கருத்த நாணயங்கள் எல்லாம் கிடக்கும். அவற்றை அரைகுறையாகப் பிரித்து, சாம்பல் ஒட்டியபடியே கன்டெய்னரில் அடைத்து நமக்கு அனுப்புவார்கள். கூடவே பச்சை இலைப் படம் போட்ட ஒரு காகிதம் வரும், பூமியைக் காப்பாற்றியாயிற்று என்று. காப்பாற்றிய பூமியின் மிச்சத்தை எங்கள் யூனிட் பெண்கள் குனிந்து உட்கார்ந்து கையால் பொறுக்குவார்கள். அலுமினியம் கட்டியாக மறுபடி கப்பலேறி ஜப்பானுக்குப் போகும். மணல் மாதிரி மிஞ்சுவதைச் சிமென்ட் கல் போடுகிறவர்கள் அள்ளிப் போவார்கள்.

பொறுக்கும் பெண்களில் மூத்தவர் ஒரு அக்கா. ஜீயபுரம் பக்கத்திலிருந்து பஸ் மாறி மாறி வருவார். துணுக்கை உள்ளங்கையில் போட்டு ஒரு முறை தூக்கிப் பார்த்தாலே அலுமினியமா துத்தநாகமா என்று சொல்லிவிடுவார். அதற்குள் நான் உலோகம் பார்க்கும் என் மெஷினுக்கு ஸ்விட்ச்கூடப் போட்டு முடித்திருக்க மாட்டேன். அவருடைய சோறும் மரியாதையும் அந்தக் கைகளில்தான் இருந்தன. நான் சொல்ல வந்ததும் அந்தக் கைகளைப் பற்றித்தான்.

முதலாளி எந்தக் கன்டெய்னரையும் பூஜை போடாமல் திறக்க மாட்டார். ஸ்ரீரங்கத்து வீட்டிலிருந்து துளசி மாலையோடு வந்து இறங்குவார். சீல் உடைத்து ஒரு கதவைத் திறந்ததும், சுமங்கலி ஒருத்தி கற்பூரம் காட்ட வேண்டும். எப்போதும் அந்த அக்காதான் காட்டுவார். மற்ற நாளில் அக்கா தொட்ட டம்ளரில் முதலாளி தண்ணீர் குடித்ததில்லை. கற்பூரத் தட்டைப் பிடிக்கும்போது மட்டும் அது மங்களமான கை.

போன ஐப்பசி மழையில் ஒரு கன்டெய்னர் தூத்துக்குடியில் பல நாள் நனைந்து கிடந்துவிட்டு வந்தது. கூரையில் ஓட்டை. அந்தச் சாம்பலுக்குச் சுண்ணாம்பின் குணம் உண்டு. நனைந்தால் அலுமினியத்தோடு சேர்ந்து ஹைட்ரஜன் வாயு கிளம்பும். பூட்டிய பெட்டிக்குள் அது சேர்ந்துவிட்டால் ஒரு பொறி போதும். கன்டெய்னர் பக்கத்துச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினேன்: 'நனைந்த சாம்பலில் எரியும் வாயு இருக்கும். கதவைத் திறந்து அரை நாள் காற்றாட விடவும். தீ கூடாது.'

முதலாளி படித்தார். முகம் மாறியது. தீயை நினைத்து அல்ல, சொல்லை நினைத்து.

"ஏம்மா, நல்ல காரியம் நடக்குற எடத்துல இதென்ன வார்த்தை? எழவு வீடா இது?"

"கேஸ் இருக்கும் சார். இன்னிக்கு மட்டும் கற்பூரம் வேணாம்." அவர் காதுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னேன்.

"இத்தனை வருஷமா காட்டுறோம், பெருமாள் பாத்துக்கலையா? நீ உள்ள போயி உன் டெஸ்ட்டப் பாரு."

காகிதத்தைக் கிழித்துக் கசக்கிப் போட்டார். என் எம்.எஸ்ஸி. பட்டம் வாலைச் சுருட்டிக்கொண்டு உள்ளே போயிற்று.

ஐந்து நிமிடத்தில் குப்பென்று ஒரு சத்தம். ஓடி வந்தபோது அக்கா தரையில் கிடந்தார். இரண்டு கைகளும் வெந்திருந்தன, புருவம் கருகியிருந்தது. முதலாளிக்கு ஒரு கீறல் இல்லை. பத்தடி தள்ளி நின்று, கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தாராம்.

அன்று மாலையே என்னை அறிக்கை எழுதச் சொன்னார்: 'தொழிலாளியின் கவனக்குறைவால் கற்பூரத் தட்டு தவறி விழுந்தது.' சரக்கு அனுப்பியவர்களிடமிருந்து ஒரு மெயில் வந்தது, மெட்டீரியலுக்குச் சேதமா என்று விசாரித்து. யாருக்கு அடிபட்டது என்று கடைசி வரியில்கூடக் கேட்கவில்லை. இரு தரப்பையும் நினைத்தால் எனக்குக் காறித் துப்பத் தோன்றியது. கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அந்தப் பெருமையைச் சுமந்துகொண்டு மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

கட்டுப் போட்ட கைகளைத் தலையணைமேல் வைத்து அக்கா படுத்திருந்தார். முதலாளியை வாய் ஓயாமல் திட்டினேன். ஒரு சொல்லுக்குப் பயந்த மடையன் என்றேன். நான் மூச்சு வாங்க நிறுத்தியபோது அக்கா கேட்டார்.

"அவர் ஒரு பேப்பரக் கிழிச்சாருங்களே, அதுல என்னங்க மேடம் எழுதியிருந்தீங்க?"

வரி வரியாகச் சொன்னேன். அக்கா என் முகத்தைப் பார்த்தார். கோபமாகத் தெரியவில்லை; கோபமாக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"எனக்குப் படிக்கத் தெரியாதுன்னு உங்களுக்குத் தெரியும்ல. தட்ட வச்சுக்கிட்டு பக்கத்துலதாங்க நின்னேன். 'அக்கா, வேணாம்'னு எங்கிட்ட வாயால சொல்லியிருக்கலாமே."

அதைச் சொல்வதற்குச் சாம்பல் என்ற சொல்கூட எனக்குத் தேவைப்பட்டிருக்காது.