ஊது அக்கா வாயை மூடிய நாள்

என் அக்காவுக்கு மருத்துவமனையில் ஊது அக்கா என்று பெயர். மூச்சுப் பரிசோதனை அறை அவளுடைய ராஜ்ஜியம். மூக்கில் கிளிப்பை மாட்டி, வாயில் குழாயைக் கொடுத்து, "ஊதுங்க, விடாதீங்க, இன்னும், இன்னும்" என்று அவள் போடும் சத்தத்தில் நோஞ்சான்கூட மூச்சைத் திரட்டி ஊதிவிடுவார். வீட்டிலும் அதே தொண்டைதான். அவள் உப்பு கேட்டால் பக்கத்து வீட்டார் எடுத்துக்கொண்டு வருவார்கள்.

என் வீட்டுக்காரர் ரொட்டிக் கடையில் மாவு பிசைபவர். சில வருடங்களாக மாவுத்தூசி அவருக்கு ஆகவில்லை. மூட்டையைப் பிரித்தாலே நெஞ்சு இறுகி, மூச்சு விசிலடிக்கும். வேலையை விட்டுவிடுங்கள் என்று மருத்துவரும் சொல்லிவிட்டார். மாவைத் தொடாத நாளில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரியும் மனுஷன் அவர். அவரை வைத்துக்கொண்டு யார் குடும்பம் நடத்துவது?

அந்தச் சமயத்தில்தான் அக்கா மூச்சிரைக்க ஓடிவந்தாள். இரத்தம் உறையாமல் இருக்க ஊசியில் போடும் ஹெப்பாரினை, புகைபோல ஆக்கி மூச்சில் இழுக்கவைத்து ஓர் ஆய்வு நடக்கிறதாம். ஒவ்வாமையால் மூச்சுக்குழாய் சுருங்குவதை அது தடுக்குமா என்று பார்க்கிறார்களாம். ஒருமுறை மருந்து, இன்னொருமுறை வெறும் உப்புநீர். எது எப்போது என்பது ஆய்வறையில் யாருக்கும் தெரியாது. இழுத்த பிறகு கண்ணாடி அறைக்குள் நின்று மாவைத் தட்டிலிருந்து தட்டுக்குக் கொட்ட வேண்டும். அப்புறம் வெளியே வந்து ஊத வேண்டும். வேண்டவே வேண்டாம் என்றேன் நான். அவரோ கல்யாணத்துக்குக் கிளம்புவதுபோலக் கிளம்பிவிட்டார்.

முதல் தடவை அக்காவே ஊதவைத்தாள். தொண்டை கிழியக் கத்தியும் திரையில் மூச்சின் அளவைக் காட்டும் கோடு சரிந்து படுத்தேவிட்டது. நிவாரண மருந்து கொடுத்து அவரை மீட்டார்கள். நான் அழுதுகொண்டிருக்க, அக்கா கண் பளபளக்க நின்றாள். எனக்கு வந்ததே கோபம்! "இன்னைக்கு உப்புத்தண்ணிதான்டி இருந்திருக்கணும். அப்ப அடுத்த தடவை..." என்று ஆரம்பித்தவள் சட்டென்று நிறுத்தினாள். முகம் வெளுத்துவிட்டது.

"அடுத்த தடவை நான் ஊதவைக்கக் கூடாது. ஆசையில நான் கத்துவேன், மாப்ளையும் எனக்காக முக்கி முக்கி ஊதிடுவாரு. என் தொண்டையும் மருந்தோட சேர்ந்துடும்."

நேரே ஆய்வு நடத்தும் மருத்துவரிடம் போய்ச் சொன்னாள். அவளுக்குப் பதிலாக இன்னொருவர் வந்தார். அவர் பேசினால் அவர் சட்டைப் பித்தானுக்கே கேட்காது. எனக்கு உயிரே போய்விட்டது. அந்தக் குரலுக்கு மெழுகுவத்தியைக்கூட யாரும் ஊதி அணைக்க மாட்டார்களே!

இரண்டாம் தடவை நானும் அக்காவும் வெளியே நின்றோம். ஒரு கையால் தன் வாயைப் பொத்திக்கொண்டாள், மறு கையால் என் மணிக்கட்டைப் பிடித்தாள். உள்ளே "ஊதுங்க" என்று முணுமுணுப்புக் கேட்கும்போதெல்லாம் இவளும் கன்னம் உப்பி முகம் சிவந்தாள். எனக்குப் பயத்திலும் சிரிப்பு வந்தது.

கதவு திறந்தது. புருவமெல்லாம் மாவோடு அவர் நடந்துவந்தார். விசில் இல்லை, இருமல் இல்லை. கோடு கொஞ்சம்தான் இறங்கியிருந்ததாம்.

"மூச்ச அடக்காம நின்னேன் அண்ணி. மாவு வாசனை வந்துச்சு."

எத்தனை வருடமாயிற்று! நான் நடைபாதையிலேயே அவரைக் கட்டிக்கொண்டேன். யார் பார்த்தால் எனக்கென்ன? அக்கா மட்டும் இன்னும் வாயிலிருந்து கையை எடுக்கவில்லை.

ஆய்வில் சேர்ந்த எல்லோரும் ஊதி முடித்த பிறகுதான் எது எந்த நாள் என்று பிரித்துப் பார்த்தார்கள். இரண்டாம் நாள்தான் ஹெப்பாரின். இது சின்ன ஆய்வு, பெரிதாகச் செய்து பார்த்தால்தான் நம்ப முடியும், அதுவரை மாவுப் பக்கம் போகக் கூடாது என்றார் மருத்துவர். கடை முதலாளி அவரை ரொட்டி சுடும் அடுப்புப் பக்கம் மாற்றிக்கொண்டார், அதற்கே இவர் சந்தோஷத்தில் குதிக்கிறார்.

"நான் கத்தவே இல்லடி," என்று சொல்லிச் சொல்லி அழுதாள் அக்கா. "நான் கத்தாமலே கோடு சரியாம நின்னுச்சு."