மணி அடிக்கையில் எத்தனை பொத்தான்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் பினாங்குத் துறைமுகத்தை ஒட்டிய ஒரு கப்பல் அலுவலகத்தில் நான் தட்டெழுத்துக் குமாஸ்தாவாக இருந்தேன். அப்போது எனக்கு முப்பத்தொரு வயது. ஒரு திங்கட்கிழமை காலை சட்டையை மாட்டிக்கொண்டு பொத்தான் போடப் பார்த்தால் விரல் மடங்கவில்லை. இரண்டு கைகளிலும் ஒரே மாதிரி கணுக்கள் வீங்கிச் சூடாக இருந்தன. பத்து மணிக்கு மேல் கொஞ்சம் கொஞ்சமாக இளகி, மத்தியானத்தில் ஓரளவு தட்டெழுத முடிந்தது. மறுநாள் காலை மறுபடியும் அதே கதை. மூன்று வாரத்தில் மணிக்கட்டும் முழங்காலும் சேர்ந்துகொண்டன. சாயங்காலமானால் காய்ச்சல்காரனைப் போல் சோர்ந்து விழுந்தேன்.

என் மனைவி நான்காம் வகுப்பு வரை படித்தவள். அவளுடைய அப்பா தண்ணீர்மலைப் பக்கத்தில் அரசாங்கத் தோட்டத்தில் வேலை பார்த்தார். புதிதாக ஒரு உரம் வந்தால் ஒரே ஒரு பாத்திக்கு மட்டும் போட்டு, பக்கத்துப் பாத்தியைச் சும்மா விட்டு, இரண்டையும் பார்த்துக்கொண்டே இருப்பாராம். அந்தக் குணம் மகளுக்கும் இருந்தது என்பது எனக்கு நோய் வந்த பிறகுதான் தெரிந்தது.

வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரிடமும் ஒரு மருந்து இருந்தது. ஒருவர் தைலம் கொடுத்தார். ஒருவர் புளியை விடச் சொன்னார், இன்னொருவர் கருவாட்டை விடச் சொன்னார். என் அக்கா பாகான் டாலாமிலிருந்து படகேறி வந்து, அங்கே கைராசியான ஒரு மலாய்க்காரர் உருவி விடுவார் என்றாள். எல்லாவற்றையும் நாளைக்கே தொடங்கிவிட வேண்டும் என்று நான் துடித்தேன். என் மனைவி சம்மதிக்கவில்லை.

"ஒண்ணொண்ணாத்தான் பாக்கணும். எல்லாத்தையும் சேத்துப் போட்டா, நல்லானாலும் எதுல நல்லாச்சுன்னு தெரியாது. கெட்டுப்போனாலும் எதுல கெட்டுச்சுன்னு தெரியாது."

தினமும் எங்கள் தெருக்கோடிக் கோயிலில் காலை ஆறரை மணிப் பூசைக்கு மணி அடிப்பார்கள். அந்த நேரத்தில் நான் சட்டையோடு அவள் முன்னால் நிற்க வேண்டும். மணி ஓய்வதற்குள் ஐந்து பொத்தானில் எத்தனையைப் போட முடிகிறது என்று பார்ப்பாள். மளிகைக் கடையில் கொடுத்த நாள்காட்டியில் அந்த எண்ணைப் பென்சிலால் எழுதி வைப்பாள். முதலில் எனக்கு எரிச்சலாக இருந்தது. பள்ளிக்கூடப் பையனைப் போல நிறுத்தி வைக்கிறாளே என்று நினைத்தேன். ஆனால் சில மாதங்கள் கழித்து அந்தத் தாள்களைப் பார்த்தபோது என் நோயை முதல் தடவையாகக் கண்ணால் பார்த்தேன். தைலம் தேய்த்த மாதமும் தேய்க்காத மாதமும் ஒன்றுபோலத்தான் இருந்தன. தேய்த்த அரை மணி இதமாக இருந்தது உண்மை. அதற்கு மேல் ஒன்றுமில்லை. உருவி விட்ட வாரத்தில் இரண்டு, ஒன்று, பூஜ்யம், பூஜ்யம் என்று இறங்கியிருந்தது. வீங்கிக் கிடக்கும்போது அழுத்தக் கூடாது என்று அவளே முடிவுக்கு வந்தாள். அக்காவுக்கு வருத்தம்தான்.

பிறகு பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். வெள்ளைக்கார டாக்டர் என் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மருந்து கட்டும் உதவியாளரான தமிழ் டிரெஸ்ஸர் ஒருவர் மொழிபெயர்த்தார். பல்லில் மறைந்திருக்கும் சீழ்தான் மூட்டுக்கு இறங்குகிறது, ஆகவே எல்லாப் பற்களையும் பிடுங்கிவிடலாம் என்றார் டாக்டர். அந்தக் காலத்தில் அப்படி ஒரு எண்ணம் பரவலாக இருந்தது. வலி தாங்காத நான் சரியென்று தலையாட்டிவிட்டேன். அவள் டிரெஸ்ஸர் பக்கம் திரும்பினாள்.

"அண்ணே, ஒண்ணு கேட்டுச் சொல்லுங்க. பல்லை எல்லாம் எடுத்துட்டா கை சரியாயிடும்னு அவருக்கு நிச்சயமா தெரியுமா?"

டிரெஸ்ஸர் தயங்கினார். அந்த நாளில் டாக்டரிடம் யாரும் அப்படிக் கேட்பதில்லை. இருந்தாலும் கேட்டார். டாக்டர் என் கைகளை மறுபடி ஒரு தடவை பார்த்தார். பிறகு நிச்சயமாகத் தெரியாது, சிலருக்குக் குணமாகியிருக்கிறது, பலருக்கு இல்லை என்று சொன்னார். அவள் மடித்து வைத்திருந்த நாள்காட்டித் தாள்களை எடுத்து மேசைமேல் வைத்தாள். எண்கள் எதற்கு என்று கேட்டுத் தெரிந்துகொண்ட டாக்டர், நாற்காலியை இழுத்துப் போட்டு அவளை உட்காரச் சொன்னார். சொத்தையாக இருந்த ஒரே ஒரு கடைவாய்ப் பல்லை மட்டும் எடுப்பது என்று முடிவாயிற்று. எடுத்தார்கள். அந்த மாதம் பொத்தான் கணக்கில் எந்த மாற்றமும் இல்லை. மற்ற பற்கள் பிழைத்தன.

அன்றைக்கு டாக்டர் நேர்மையாகச் சொன்னதை அவள் மறக்கவே இல்லை. இந்த வாதத்தை வேரோடு எடுக்கும் மருந்து இன்னும் இல்லை, ஐரோப்பாவில் தங்க உப்பை ஊசியில் ஏற்றிப் பார்க்கிறார்கள், அது சிறுநீரகத்தைக் கெடுக்கலாம் என்பதால் தான் அதற்குத் துணியமாட்டேன் என்றார். வலிக்கு ஆஸ்பிரின், சாப்பாட்டுக்குப் பிறகு மட்டும். வீக்கம் ஏறும்போது ஓய்வு. இறங்கியதும் வெந்நீருக்குள் கையை வைத்து விரல்களை மடக்கி நீட்ட வேண்டும். ஓய்வு என்று அப்படியே வைத்திருந்தால் மூட்டு பிடித்துக்கொள்ளும். தூங்கும்போது மணிக்கட்டு கோணாமலிருக்கப் பலகைக் கட்டு. உருக்கிய மெழுகில் கையை முக்கி எடுத்தால் சூடு உள்ளே இறங்கும் என்று டிரெஸ்ஸர் தன் பங்குக்குச் சொன்னார்.

மாதா கோயிலில் எரிந்து மிஞ்சிய மெழுகுவர்த்தித் துண்டுகளை அவள் கேட்டு வாங்கி வந்தாள். தேங்காயெண்ணெய் கலந்து உருக்கி, முதலில் தன் விரலை விட்டுப் பார்ப்பாள். பிறகுதான் என் கை. வெள்ளை உறை போட்டதுபோல் மெழுகு படியும். அதைத் துணியில் சுற்றி வைத்து, ஆறியதும் உரிப்பாள். மணிக்கட்டுப் பலகையைத் தச்சரிடம் மூன்று தடவை திருப்பிக் கொடுத்து இழைக்க வைத்தாள். அந்த மாதம் முதல் தடவையாக நாள்காட்டியில் நான்கு என்ற எண் வந்தது.

அவளுக்கு நான் செய்த துரோகத்தையும் சொல்லிவிடுகிறேன். கூட வேலை பார்த்த ஒருவர் ஒரு சூரணப் பொட்டலம் கொடுத்தார். அதில் என்ன இருக்கிறதென்று அவருக்கும் தெரியாது. அவளிடம் சொல்லாமல், ஆஸ்பிரினோடு சேர்த்து அலுவலகத்தில் வைத்துச் சாப்பிட்டேன். ஒரு வாரம் ஐந்து பொத்தானும் போட்டேன். மெழுகுதான் வேலை செய்கிறது என்று அவள் பூரித்துப்போனாள். நான் வாயைத் திறக்கவில்லை. அடுத்த வாரம் வயிறு எரிந்து, மலம் கறுத்து, அலுவலகப் படியில் மயங்கி விழுந்தேன். ரிக்‌ஷாவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். குடலில் ரத்தம் கசிந்திருக்கிறது என்றார்கள். அங்கே உண்மையைச் சொன்னேன். அவள் திட்டவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு சொன்னாள்:

"உங்க உடம்பு, எதைச் சாப்பிடணும்னு நீங்கதான் சொல்லணும். ஆனா என்கிட்ட மறைக்காதீங்க. பொய்யை வச்சுக்கிட்டு நான் எப்படிப் பாக்கிறது?"

அந்த ஒரு வாரத்து எண்களை மட்டும் அடித்துவிட்டாள். எனக்கு அதைவிடப் பெரிய தண்டனை வேண்டியிருக்கவில்லை.

மூன்று வருஷத்துக்குப் பிறகு வீக்கம் தானாகவே தணிந்தது. வலக்கையில் மூன்று விரல்கள் வெளிப்பக்கமாகச் சாய்ந்தபடியே நின்றுவிட்டன. வேகமாகத் தட்டெழுதும் வேலை போயிற்று. வந்து போகும் கப்பல்களின் நேரத்தைப் பெரிய கரும்பலகையில் எழுதும் வேலையைக் கொடுத்தார்கள். சாக்குக்கட்டியில் துணியைச் சுற்றிச் சுற்றி எலுமிச்சம்பழப் பருமனுக்கு ஒரு பிடி செய்து தந்தாள். என் எழுத்து முன்பைவிட அழகாக இருக்கிறது என்று கப்பல்காரர்கள் சொன்னார்கள். எழுதும்போது வலி இல்லை, அதுதான் காரணம்.

அதன்பிறகு எங்கள் தெருவில் மூட்டு வலி என்றால் அவளிடம் வருவார்கள். கடைகளுக்கு முன்னால் ஓடும் அஞ்சடி நடைபாதையில் தோசை சுட்டு விற்ற முஸ்லிம் அம்மா ஒருவர், ஐம்பது வயதைத் தாண்டியவர், முழங்காலைப் பிடித்துக்கொண்டு வந்து அந்த மெழுகு வைத்தியத்தைக் கேட்டார். காலையில் வலிக்கிறதா, வேலை முடிந்து வலிக்கிறதா என்று அவள் கேட்டாள். வேலை முடிந்துதான், படுத்தெழுந்தால் கொஞ்சம் தேவலை என்றார் அவர். வீக்கமோ சூடோ இல்லை.

"இது எங்க வீட்டுக்காரருக்கு வந்தது இல்லக்கா. இது தேய்மானம் மாதிரி தெரியுது. எதுக்கும் ஆஸ்பத்திரியில காட்டுங்க. அதுவரைக்கும் குந்தி உக்காராதீங்க, அடுப்பை ஒசத்திப் போட்டு முக்காலியில உக்காந்து சுடுங்க."

அந்த அம்மா ஆஸ்பத்திரிக்குப் போனார். அங்கேயும் தேய்மானம் என்றுதான் சொன்னார்களாம். இரண்டு பெட்டிகளை அடுக்கி அடுப்பை மேலே ஏற்றினார். வெள்ளிக்கிழமை தவிர மற்ற நாளெல்லாம் அந்த உயர்ந்த அடுப்புக்கு முன்னால் நேராக உட்கார்ந்து சுட்டுக்கொண்டிருந்தார்.