கெட்டுப்போன ஒரு க்

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு கிரகப்பிரவேசத்துக்குப் போயிருந்தோம். நாங்கள் இப்போது இருக்கும் மான்மவுத் ஜங்ஷனிலிருந்து அரை மணி நேரம். ஃபோனில் வழி சொல்லும் பெண், “டர்ன் லெஃப்ட் ஆன்டு சன்செட் ரிட்ஜ் ரோட்” என்றாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை, அவளுக்குக் கொடுத்த பெயரை அவள் சொல்கிறாள். எனக்குத்தான் சுருக்கென்றது. புது வீட்டில் பால் காய்ச்சினார்கள். பொங்குகிற வரைக்கும் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள், பொங்கியபின் அடுப்பை அணைக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. வீட்டுக்காரப் பெண் என்னிடம், “ஆன்ட்டி, பேருதான் ரிட்ஜ். பாருங்க, ஃபுல்லா ஃப்ளாட்டு” என்று சிரித்தாள். நானும் சிரித்துவைத்தேன்.

அடிப்பிடித்த பால் வாசனை வந்தால் எனக்கு லிண்டாவின் ஞாபகம் வந்துவிடும். தொண்ணூறுகளின் கடைசியில் இதே ஊருக்கு எச்-4 விசாவில் வந்து சேர்ந்த மனைவிமார்களில் நானும் ஒருத்தி. வேலைக்குப் போகக் கூடாது. கார் ஓட்டத் தெரியாது. ஈரோட்டில் எம்.ஏ. தமிழ் படித்தவளுக்கு நியூஜெர்ஸி அபார்ட்மென்டில் என்ன கிழிக்க இருக்கிறது? பதினோரு மணிக்குப் பாலை அடுப்பில் வைத்துவிட்டு ஜன்னலோரம் நிற்பேன். தபால் வண்டி தெரிந்ததும் கீழே ஓடுவேன். பால் பாட்டுக்குக் கருகிக்கொண்டிருக்கும்.

லிண்டா எங்கள் தபால்காரி. ஐம்பதை நெருங்கும் வயது, சாம்பல் நிற அரைக்கால் சட்டை, வெயிலில் சிவந்த முழங்கால்கள். அம்மாவின் கடிதம் வந்தால் அதைப் பெட்டியில் போடாமல் கையில்தான் கொடுப்பாள். என் ஓட்டை ஆங்கிலத்தைக் காதுகொடுத்துக் கேட்ட முதல் ஆள் அவள். என் ஜன்னலிலிருந்து தெரிந்த கிர்பி ஹில் என்ற மலையடியில், கிர்பி ஹில் ரோட்டில்தான் அவள் பிறந்த வீடு, அப்போதும் அங்கேதான் குடியிருந்தாள். மலை என்று சொன்னால் சென்னிமலைக்காரர்கள் என்னை அடிக்க வருவார்கள். நாலு தென்னை உயரம் இருந்தால் அதிகம்.

ஒருநாள் முகம் வாடி வந்தாள். மலையைச் செதுக்கி வீடுகள் கட்டப் போகிறார்களாம். போதாததற்கு ரோட்டின் பெயரையும் மாற்றித் தரும்படி கம்பெனிக்காரர்கள் டவுன்ஷிப்பில், அதாவது அந்த ஊர் பஞ்சாயத்தில், கேட்டிருக்கிறார்கள். கிர்பி என்றால் ஒரு அர்த்தமும் இல்லை, யாரோ ஒரு விவசாயியின் பெயர், அவ்வளவுதான் என்பது அவர்கள் கட்சி. மலையைக் காப்பாற்ற முடியாது, பெயரையாவது காப்பாற்ற வேண்டும் என்றாள் லிண்டா. நீ மொழி படித்தவள்தானே, அது என்ன பெயர் என்று பார்த்துச் சொல் என்றாள்.

எம்.ஏ. தமிழ் சும்மா இருக்குமா? பார்க்காமலே சொன்னேன்: கிரி என்றால் எங்கள் ஊரில் மலை. ஆகவே கிர்பி ஹில் என்பது மலைமலை, எங்கள் ஆட்கள் நடுசென்டர் என்று சொல்வதில்லையா, அது மாதிரி. பாவம், அவள் அதை நம்பி ஒரு வாரம் தபாலாபீஸ் முழுக்கச் சொல்லித் திரிந்தாள். எனக்கே வெட்கமாகி, நடந்து நடந்து நூலகத்துக்குப் போய்ப் பெரிய அகராதிகளைப் புரட்ட ஆரம்பித்தேன்.

கிர்பி முதலில் கிர்க்பி. பகுபதம் பிரிக்கிற மாதிரி பிரித்தேன். கிர்க் என்றால் தேவாலயம், பி என்றால் ஊர். இரண்டும் வைக்கிங்குகளின் சொல். கடல் கடந்து வந்து இங்கிலாந்துத் தேவாலயங்களைக் கொள்ளையடித்த அதே கூட்டத்தார், பிறகு ஞானஸ்நானம் வாங்கி அங்கேயே குடியேறித் தங்கள் ஊருக்குக் கோயிலூர் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஊர்ப்பெயர் ஒரு குடும்பத்துக்குப் பெயராகி, அந்தக் குடும்பத்தில் எவரோ கப்பலேறி இங்கே வந்து உழுதிருக்கலாம். இருக்கலாம் என்றுதான் எழுதினேன். நடுவிலிருந்த க் எங்கே போயிற்று? மரம், வேர் இரண்டும் சேர்ந்தால் மரவேர் என்று மகரம் கெடுகிறதே, அந்தக் கெடுதல் விகாரம்தான். லிண்டாவுக்கு அதை விளக்கியபோது, “கெடுதல், கெடுதல்” என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். அவள் வாயில் அது கெடுட்டல் என்று வந்தது.

இரண்டு பக்கம் எழுதி முடித்தேன். டவுன்ஷிப் கூட்டத்தில் நீயே படி என்றாள். கணவரும், “தாராளமா பேசு. நான் ஆஃபீஸ்லேர்ந்து சீக்கிரம் வந்து டிராப் பண்றேன்” என்றார். அவர் தடுத்திருந்தால் இன்றைக்குப் பழி போட ஒரு ஆளாவது இருந்திருக்கும். குளியலறைக் கண்ணாடி முன் நின்று நாலு நாள் படித்துப் பார்த்தேன். சர்ச் என்ற சொல்லே என் வாயில் சேர்ச்சாகிறது. மைக்கில் அது எப்படிக் கேட்கும்? கூட்டத்தன்று மத்தியானம் லிண்டாவுக்கு ஃபோன் பண்ணி, “ஐ ஹேவ் ஃபீவர்” என்றேன். இந்த மூன்று சொல் மட்டும் பிசிறில்லாமல் வந்தன.

காகிதத்தையாவது கொடுத்திருக்கலாம். அதை வாங்க வந்தால் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாளே என்று அதையும் சொல்லவில்லை. கூட்டத்தில் ஆதாரம் இருக்கிறதா என்று கேட்டார்களாம். என் சிநேகிதி எழுதி வைத்திருக்கிறாள், அவளுக்கு உடம்பு சரியில்லை, ஒரு வாரம் பொறுங்கள் என்று லிண்டா கேட்டுப் பார்த்திருக்கிறாள். பொறுக்கவில்லை. பெயரை சன்செட் ரிட்ஜ் என்று மாற்ற அன்றைக்கே கை தூக்கிவிட்டார்கள்.

மறுநாள் காலை எங்கள் கதவருகில் ஒரு சூப் டப்பா இருந்தது. வெஜிடபிள் என்ற சொல்லின் அடியில் பேனாவால் கோடு போட்டு, “நோ மீட். ஐ செக்ட்” என்று லிண்டா எழுதியிருந்தாள். கறி இல்லை, பார்த்துத்தான் வாங்கினாளாம். அந்த சூப்பை நான் குடிக்கவும் இல்லை, தூக்கிப் போடவும் இல்லை. அதற்குப்பின் பதினோரு மணிக்கு ஜன்னலிலிருந்து தள்ளி நின்றேன். பால் கருகுவது நின்றுபோயிற்று.

அந்தக் கோடையிலேயே அவருக்கு இர்விங்கில் வேலை கிடைத்து டெக்ஸஸ் போய்விட்டோம். கண்ணுக்கெட்டிய வரை மேடே இல்லாத ஊர். அங்கே ஒரு வருஷம் போல ஓடியபின் லிண்டாவுக்கு ஒரு கடிதம் எழுதினேன். அன்று எனக்கு ஜுரம் இல்லை என்று எழுதினேன். உறைமேல் சன்செட் ரிட்ஜ் என்று எழுதக் கை வரவில்லை. தபாலாபீஸுக்குப் பழைய பெயர் மறக்காது என்று லிண்டா சொல்வாள். அதை நம்பி, கிர்பி ஹில் ரோடு என்றே எழுதிப் போட்டேன். மூன்று வாரத்தில் மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டித் திரும்பி வந்தது. அப்படி ஒரு தெரு இல்லையாம்.

மறுபடி இந்தப் பக்கம் குடிவந்தபோது மலை இருந்த இடத்தில் வரிசையாக வீடுகள் இருந்தன. லிண்டாவின் வீடு இல்லை. எங்கே போனாள் என்று கேட்க ஆளும் இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை, “இங்க ஒரு மலை இருந்துச்சும்மா” என்று அந்தப் பெண்ணிடம் சொன்னேன். “ரியலி? என்ன பேரு ஆன்ட்டி?” என்றாள். சொன்னேன். சுற்றி ஐம்பது பேர் இருந்தார்கள், கொஞ்சங்கூடக் கூச்சமில்லாமல், சத்தமாகவே சொன்னேன்.